மணி அடிக்காமலே திரும்பிய சீமாட்டி

இராஜபாளையம்
3 ஜூன் 2024

தனுஷ்கோடி அவர்களுக்கு,

என் வீட்டில் வேலை செய்யும் மாரிச்செல்வியை நேற்று நீங்கள் போனில் அழைத்து, "மதினி குடுத்த நாய் சரியான மண்ணாந்தை, எம்புட்டுக் கூப்பிட்டாலும் திரும்ப மாட்டேங்குது" என்று சொன்னதாக அறிந்தேன். அவள் அதைத் தாளில் எழுதித் தந்தாள். அவள் முணுமுணுப்பவள். ஆகவே எதையும் எழுதித் தரும்படி பழக்கி வைத்திருக்கிறேன்.

துரை என் பெட்டை நாய் சீமாட்டியின் கடைசி ஈற்று. பால் வெள்ளை, இளஞ்சிவப்பு மூக்கு, மடங்காத முதுகு. ஆறு மாதம் நான் வளர்த்தபின் உங்கள் அண்ணன், படுக்கையில் விழுவதற்கு முந்தின வாரம், தன் கையாலேயே உங்களிடம் கொடுத்தார். என் வீட்டில் இருந்தவரை அவன் ஒருமுறைகூட வீணாகக் குரைத்ததில்லை. நான் அழைத்தபோது வராமல் இருந்ததும் இல்லை. உங்கள் வீட்டில் திரும்பவில்லை என்றால் குறை அழைப்பவரிடம் இருக்கலாம்.

என்னை ஏன் நேராக அழைக்கவில்லை என்று கேட்கமாட்டேன். இப்போதெல்லாம் போனில் எல்லோரும் வாயில் பஞ்சை அடைத்துக்கொண்டு பேசுகிறார்கள். எதிலும் தரம் இல்லை. குக்கர் விசில் அடிப்பதில்லை என்று இரண்டு குக்கர் மாற்றினேன். வாசல் மணி மூன்று மாற்றியாயிற்று. என் மாமரத்து அணில்கள்கூட வாயைத் திறக்கின்றன, வாலை உதறுகின்றன, சத்தம் வருவதில்லை. மருந்தடித்த மாங்காய் தின்று தொண்டை கெட்டிருக்க வேண்டும். வனத்துறைக்கு மனு எழுதிக்கொண்டிருக்கிறேன்.

மேலும், உங்கள் அண்ணனின் வருடத் திதியன்று இலையில் உட்காராமல் எழுந்து போனவர் நீங்கள். கூடப் பிறந்தவரே சாப்பிடாமல் போன வீடு என்று நான்கு மாதமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறேன். நாய்க்கு மரியாதை சொல்லித் தருமுன் இதையும் யோசியுங்கள்.

தி. ஆவுடையம்மாள்

—

ஸ்ரீவில்லிபுத்தூர்
8 ஜூன் 2024

மதினிக்கு, தனுஷ்கோடி எழுதுவது.

கடிதத்தில் 'நீங்கள்' என்று பார்த்ததுமே பிரஷர் மாத்திரையைப் போட்டுக்கொண்டுதான் மிச்சத்தைப் படித்தேன். ஐம்பது வருடமாக என்னை 'நீ' என்றவர் நீங்கள். கோபம் எம்புட்டு என்று அதிலேயே தெரிந்துவிட்டது.

நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். போன வாரம் பட்டப்பகலில், நாங்கள் உள்ளே சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது, என் சவுண்ட் சர்வீஸ் ஷெட்டில் இருந்த ஆம்ப்ளிஃபயரை எவனோ தூக்கிக்கொண்டு போய்விட்டான். துரை கதவுக்குக் குறுக்கே படுத்திருந்தான். கள்ளன் அவனைத் தாண்டி உள்ளே போய், தாண்டி வெளியே வந்திருக்கிறான். உங்கள் ஓரகத்தி பாண்டிசெல்வி தலையில் அடித்துக்கொண்டாள். "எடுத்தவன் இந்தச் சீவனையும் சேத்து எடுத்துட்டுப் போயிருக்கப்பிடாதா? ஒரு வேளைச் சோறாவது மிச்சமாயிருக்கும்" என்றாள்.

மறுநாள் அம்மன் கோயில் பொங்கலுக்காக, இரவல் ஆம்ப்ளிஃபயரை வைத்துக் குழாய் ஸ்பீக்கரைச் சோதித்தேன். குழாய்க்கு முன்னால் இரண்டே அடியில் துரை தூக்கம். நான் "ஹலோ, மைக் டெஸ்டிங்" என்றதில் எதிர்வீட்டுப் பசு கயிற்றை அறுத்துக்கொண்டு ரத வீதிக்கு ஓடிவிட்டது. துரைக்கு வால்கூட அசையவில்லை. அப்போதுதான் எனக்குச் சந்தேகம் வந்தது. மதினி, கோபப்படாதீர்கள். பிள்ளைக்குக் காது கேட்கவில்லை என்று நினைக்கிறேன்.

பாண்டிசெல்வியின் தம்பி சங்கையா சுந்தரபாண்டியத்தில் தன் தோப்பில் கட்டிப்போட அவனைக் கேட்கிறான். ஆடி முதல் தேதி வண்டியோடு வருகிறான். எனக்கு மனமில்லை. டிராக்டர் ஓடுகிற இடம். பின்னால் வருகிற வண்டி தெரியாத பிள்ளை எத்தனை நாள் பிழைக்கும்? அண்ணன் கையால் தந்தது வேறு. ஆனால் இந்த வீட்டில் எனக்கு ஓட்டு ஒன்று, அவளுக்கு மூன்று.

திதி விஷயம். கிணற்றடியில் உங்களுக்குப் பின்னால் நின்று, "மதினி, பந்தியை ஆரம்பிச்சிரலாமா?" என்று மூன்று தரம் கேட்டேன். நீங்கள் முகத்தைக்கூடத் திருப்பவில்லை. சமையல்காரர் முத்துக்குமரன் கரண்டியோடு நின்று என்னையே பார்த்தார். என் தொழிலில் மைக் இல்லாமல் பேசி அவமானப்பட்டது அன்றைக்குத்தான்.

அன்புள்ள
தனுஷ்கோடி

—

இராஜபாளையம்
14 ஜூன் 2024

தனுஷ்கோடி அவர்களுக்கு,

முதலில் திதி. நீங்கள் அழைத்தது என் காதில் விழவில்லை. என் காதில் விழாதது அழைப்பே அல்ல. நீங்கள் மனத்துக்குள் அழைத்திருக்கலாம்.

அடுத்தது துரை. எங்கள் கான்வென்டில் சிஸ்டர் பிலோமினா களிமண்ணில் காது செய்து பாடம் நடத்தினார். வெளியே தெரிவது வெறும் புனல். உள்ளே ஒரு சவ்வு. சவ்வை ஒட்டிச் சுத்தியல், பட்டடை, அங்கவடி போன்ற மூன்று சின்னஞ்சிறு எலும்புகள். அவற்றுக்கும் உள்ளே நத்தை ஓடு மாதிரி ஒரு சுருள், அதில் நீர், நீருக்குள் நாணல் போல் நுண்மயிர்கள். சத்தம் சவ்வை ஆட்டும், சவ்வு எலும்பை, எலும்பு நீரை, நீர் மயிரை. மயிர் நரம்பிடம் சொல்லும், நரம்பு மூளையிடம் சொல்லும். நாயின் காது, நமக்கு எட்டாத கீச்சொலியையும் வாங்கக் கூடியது. அப்படிப்பட்ட காது உங்கள் மைக் டெஸ்டிங்கைப் பொருட்படுத்தவில்லை என்றால் அது செவிடு அல்ல, ரசனை.

ஒரே ஒருமுறை குழாயை அலறவிடுவது சோதனை ஆகாது. முறை இதுதான். நாய் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருக்க வேண்டும். மணி அடிப்பவர் பின்னால், பத்தடி தள்ளி, காற்று நாயிடமிருந்து தன் பக்கம் வீசும்படி நிற்க வேண்டும், வாடை போகக் கூடாது. நடக்கக் கூடாது, அதிர்வு போகும். நிழல் விழக் கூடாது. கையில் தின்பண்டம் கூடாது. பத்து முறை அடித்து, எத்தனை முறை திரும்பினான் என்று எழுத வேண்டும். மணி பூஜை மணியாக இருக்கட்டும்.

நான் அவனை எப்படி அழைத்தேன் என்று பாண்டிசெல்வி போனில் மாரிச்செல்வியிடம் கேட்டாளாம். ஓர் அறையிலிருந்து இன்னோர் அறைக்குக் கத்தி அழைப்பது எங்கள் பள்ளியில் தண்டனைக்குரியது. நான் கைத்தடியால் தரையில் இருமுறை தட்டுவேன், வலக் கையை உயர்த்துவேன். வந்து நிற்பான். ஒருநாளும் தவறியதில்லை.

தி. ஆவுடையம்மாள்

—

ஸ்ரீவில்லிபுத்தூர்
20 ஜூன் 2024

மதினிக்கு,

நீங்கள் எழுதியபடியே செய்தோம். நிழல் விழக் கூடாது என்பதால் நண்பகல் பன்னிரண்டு மணிக்கு. பாண்டிசெல்வி மணி, நான் நோட்டு. பத்து முறை அடித்ததில் துரை திரும்பியது பூஜ்யம். ஐந்தாவது முறை அடிக்கும்போது பக்கத்து வீட்டம்மா சுவரைத் தாண்டி எட்டிப் பார்த்து, "என்னக்கா, நாய்க்குத் தீவாராதனையா?" என்று கேட்டது. அதை முடிவில் சேர்க்கவில்லை.

பிறகு உங்கள் முறைப்படி ஒரு கம்பால் தரையில் இருமுறை தட்டினேன். பத்துக்குப் பத்து. எழுந்து வந்து என் காலடியில் நின்று கையைப் பார்த்தான். மதினி, அவன் கேட்டு வரவில்லை. தரை அதிர்ந்து வருகிறான். உங்களிடமும் அப்படித்தான் வந்திருக்கிறான்.

கால்நடை டாக்டர் ஜெயசித்ராவிடம் கொண்டுபோய்க் காட்டினேன். சின்னப் பெண், பொறுமையாகச் சொன்னது. "தோலுக்கு நிறம் குடுக்குற செல் இருக்குல்லா தாத்தா, அதே செல்தான் காதுக்குள்ள அந்தச் சின்ன மயிரையும் காப்பாத்துது. முழு வெள்ளையாப் பெறக்குற சில குட்டிக்கு அது காதுக்குள்ள போய்ச் சேராது. பெறந்த சில வாரத்துல மயிர் பட்டுப்போகும். எல்லா வெள்ளை நாய்க்கும் இப்படின்னு இல்ல. இவனுக்கு ரெண்டு காதும் போச்சு" என்றது. இதில் யார் மேலும் குற்றமில்லை என்றும் சொன்னது. தாத்தா என்றதுதான் கொஞ்சம் வருத்தம்.

தாய்க்குக் கேட்கிறதா என்றும் பார்க்கச் சொன்னது. இனி ஈற்று வேண்டுமா என்று முடிவு செய்யவாம். சீமாட்டிக்கும் ஒருமுறை மணி அடித்துப் பாருங்கள்.

ஆடிக்கு இன்னும் இருபத்தேழு நாள். சங்கையா சங்கிலி வாங்கிவிட்டான்.

தனுஷ்கோடி

—

இராஜபாளையம்
27 ஜூன் 2024

தனுஷ்கோடி அவர்களுக்கு,

உங்கள் சோதனையின் இலட்சணத்தை முந்தாநாள் நேரில் கண்டேன்.

சீமாட்டியைச் சுவரைப் பார்த்து உட்கார வைத்தேன். நானும் அவளருகில் நாற்காலி போட்டுச் சுவரைப் பார்த்து உட்கார்ந்தேன், என் பார்வை அவளுக்குக் குறிப்புத் தந்துவிடக் கூடாது என்பதற்காக. மாரிச்செல்வி பத்தடி பின்னால் பூஜை மணியோடு. முடிவுகள் கீழே.

முதல் முறை: மணி அடிக்கப்படவில்லை. சீமாட்டி திரும்பினாள்.
இரண்டாம் முறை: மணி அடிக்கப்படவில்லை. சீமாட்டி திரும்பினாள்.
மூன்றாம் முறை: மாரிச்செல்வியைக் கண்டித்தேன். அடித்ததாகச் சாதித்தாள். சீமாட்டி திரும்பினாள்.

இப்படியே பத்து முறை. மணி ஒருமுறைகூட அடிக்கப்படவில்லை, நாய் பத்து முறையும் திரும்பியது. இதிலிருந்து தெரிவது என்ன? நாய் திரும்புவதற்கும் மணிக்கும் சம்பந்தமே இல்லை. ஆகவே துரை திரும்பாததற்கும் சம்பந்தம் இல்லை. உங்கள் டாக்டரிடம் இதைக் காட்டவும்.

சீமாட்டி எப்போதும் இப்படித்தான். வாசலில் ஆள் வந்தால், மணி அடிக்காமலே எழுந்து ஓடுவாள். அவளுக்கு ஒரு தனி அறிவு. மாரிச்செல்வி கோபித்துக்கொண்டு தாளில் எழுதித் தந்துவிட்டுப் போனாள்: "நான் பத்துத் தரம் அடிச்சேன். கையே வலிக்குது. சாமி சத்தியம்." பொய்க்குச் சாமியை இழுப்பது எனக்குப் பிடிக்காது. இரண்டு நாளாக அவள் வரவில்லை. இன்று சோற்றை நானே வைத்து அடிப்பிடித்துவிட்டது. புதுக் குக்கரும் விசில் அடிக்கவில்லை.

வனத்துறையிலிருந்து பதில் வந்திருக்கிறது. அணில்கள் நலமாக இருப்பதாகவும், வழக்கம்போல் கத்துவதாகவும் எழுதியிருக்கிறார்கள். யாரும் வந்து பார்த்து எழுதியதாகத் தெரியவில்லை.

தி. ஆவுடையம்மாள்

—

ஸ்ரீவில்லிபுத்தூர்
3 ஜூலை 2024

மதினிக்கு,

இந்தக் கடிதத்தை நான்கு தரம் எழுதிக் கிழித்துவிட்டேன். இது ஐந்தாவது. பாண்டிசெல்வி, "ஒரு கல்யாணப் பத்திரிகைக்குக்கூட இம்புட்டு யோசிச்சதில்ல" என்கிறாள்.

முதலில் மன்னிப்பு. திதியன்று நான் சாப்பிடாமல் வந்தது தப்பு. நான் நினைத்தது ஒன்று, நடந்தது வேறொன்று. ஏன் என்று கேட்காதீர்கள்.

என்னைப் பற்றி ஒன்று சொல்கிறேன். நாற்பது வருடம் குழாய் ஸ்பீக்கருக்குப் பக்கத்தில் நின்றதில் என் இடது காது போய்விட்டது. மூன்று வருடம் யாரிடமும் சொல்லவில்லை. சவுண்ட் சர்வீஸ்காரனுக்குக் காது போச்சு என்றால் எவன் கூப்பிடுவான்? யாராவது இடது பக்கம் உட்கார்ந்தால் வெற்றிலை துப்புவது மாதிரி எழுந்துபோய் மறுபக்கம் வந்து உட்காருவேன். எனக்கு வெற்றிலைப் பழக்கமே கிடையாது. முதலில் கண்டுபிடித்தது பாண்டிசெல்விதான். "வலது காதுல திட்டினாத்தான் கோவம் வருது உங்களுக்கு" என்றாள்.

மாரிச்செல்வி நல்ல பிள்ளை. நான் போனில் சமாதானம் சொல்லி நாளை வரச் சொல்லியிருக்கிறேன். உங்கள் சோதனையை ஒரே ஒரு மாற்றத்தோடு திரும்பச் செய்யுங்கள். மணியை அவள் உங்கள் முகத்துக்கு நேரே அடிக்கட்டும். நீங்கள் கண்ணை மூடாமல் பாருங்கள். அவ்வளவுதான். அதற்குமேல் எழுத எனக்குத் தைரியம் இல்லை.

ஆடிக்குப் பதினான்கு நாள். துரை சங்கிலியை மோந்து பார்த்துவிட்டு அதன் மேலேயே படுத்துக்கொண்டான்.

தனுஷ்கோடி

—

இராஜபாளையம்
9 ஜூலை 2024

தனுஷ்கோடிக்கு,

திருத்தம். ஜூன் 27 தேதியிட்ட என் கடிதத்தில் 'மணி அடிக்கப்படவில்லை' என்று வரும் இடங்களிலெல்லாம் 'அடிக்கப்பட்டது' என்று வாசிக்கவும்.

மாரிச்செல்வி என் முகத்துக்கு நேரே அடித்தாள். மணியின் நாக்கு இரண்டு பக்கமும் மோதுவதைப் பார்த்தேன். சத்தம் இல்லை. மணி பழுது என்று எழுதிவைத்தேன். எதிர்வீட்டிலிருந்து வேறொரு மணி வாங்கி வரச் சொன்னேன். அதுவும் பழுது. பால்காரர் தங்கப்பாண்டியனின் சைக்கிள் மணியை அடிக்கச் சொன்னேன். அவர் அடித்துக்கொண்டே இருந்தார், பாவம், தெருவே எட்டிப் பார்த்தது. அதுவும் பழுது. சிஸ்டர் பிலோமினா சொல்வார்: எல்லா அளவும் தப்பாக வந்தால் அளவுகோலை எடுத்துப் பார். மூன்று மணி, இரண்டு சோதனை, மூன்று குக்கர், ஒரு மரம் நிறைய அணில். எல்லாவற்றிலும் மாறாமல் இருந்தது ஒன்றுதான். அது நான்.

நேற்று காது டாக்டரிடம் போய்வந்தேன். கீச்சொலிகள் முழுவதும் போய்விட்டன. கனத்த சத்தங்கள் கொஞ்சம் பாக்கி. சுருளின் வாசலில் இருக்கும் மயிர்கள்தான் கீச்சொலியை வாங்குபவையாம், வாசலில் இருப்பதால் அவைதான் முதலில் தேய்கின்றன. மனிதனுக்கு உதிர்ந்தால் மறுபடி முளைக்காது. கோழிக்கு முளைக்குமாம். எழுபத்திரண்டு வயதில் கோழியைப் பார்த்துப் பொறாமைப்படுவேன் என்று நான் நினைக்கவில்லை.

உன் அண்ணன் கடைசி இரண்டு வருடமும், என்னிடம் எதையும் சொல்லும் முன் என் தோளைத் தொட்டார். வயதான பின் வந்த பிரியம் என்று எண்ணிக்கொண்டேன். அந்த இடத்தில் மட்டும் திருத்தம் போடப் போவதில்லை.

கிணற்றடியில் நீ மூன்று முறை கேட்டதாக எழுதினாய். மூன்று முறையும் கேட்டிருப்பாய். நான் திரும்பாதது அவமதிப்பு அல்ல, உடற்கூறு. நீ இலையில் உட்காராதது உடற்கூறு அல்ல. இருந்தாலும் அதை விட்டுவிடுகிறேன்.

துரையைச் சுந்தரபாண்டியத்துக்கு அனுப்பாதே. என்னிடம் கொண்டு வா. கூப்பிட்டால் திரும்ப வேண்டும் என்ற கட்டாயம் இந்த வீட்டில் யாருக்கும் இல்லை.

மதினி

—

ஸ்ரீவில்லிபுத்தூர்
11 ஜூலை 2024

மதினிக்கு,

'நீ' என்று பார்த்தேன். இன்றைக்கு மாத்திரை போடவில்லை.

ஞாயிற்றுக்கிழமை துரையோடு வருகிறோம். ஒரு சிக்கல். நீங்கள் கேட்டதும் பாண்டிசெல்வி அவனைத் தர மறுக்கிறாள். சங்கையாவைப் போனில் பிடித்து, "ஏலே, எம்பிள்ளையக் கட்டிப்போட நீ யாருலே?" என்று ஏசிவிட்டாள். சங்கிலி வாங்கச் சொன்னதே இவள்தான். பார்த்தால், பத்து நாளாக நான் இல்லாத நேரத்தில் தரையைத் தட்டித் தட்டி அவனுக்குப் பால் சோறு ஊட்டியிருக்கிறாள். கடைசியில், வாரம் ஒருநாள் அவனைப் பார்க்க உங்கள் வீட்டுக்கு வருவாள் என்ற பேச்சில் சம்மதித்தாள். ஆகவே இனி வாரம் ஒருநாள் நாங்களும் உண்டு.

உங்கள் வாசல் மணியைக் கழற்றாதீர்கள். நான் ஒரு சாமான் கொண்டு வருகிறேன்.

தனுஷ்கோடி

—

இராஜபாளையம்
20 ஜூலை 2024

தனுஷ்கோடிக்கு,

வாசல் மணியோடு விளக்கை இணைத்தது நல்ல யோசனை. ஆனால் ஒரு பல்பு போதும் என்று சொல்லியும் கோயில் கொடைத் திருவிழாவுக்குப் போடும் சீரியல் செட்டை உத்திரம் முழுக்கச் சுற்றிவிட்டுப் போயிருக்கிறாய். நேற்று தபால்காரர் மணியை அழுத்தியதும் கூடத்தில் சிவப்பும் பச்சையும் ஓடி, நடுவில் ஒரு தாமரை விரிந்தது. அவர் கதவருகிலேயே செருப்பைக் கழற்றிவிட்டார். தாமரையை மட்டும் எடுத்துவிடு.

அதற்கு அவசியமும் குறைந்துவிட்டது. மணி அடித்தால் சீமாட்டி எழுகிறாள். அவள் எழுந்தால் துரை எழுகிறான். துரை எழுந்து என் சேலைத் தலைப்பைப் பிடித்து இழுக்கிறான், நான் எழுகிறேன். மூவருமாகப் போய்க் கதவைத் திறக்கிறோம். கேஸ் சிலிண்டர்காரர் நேற்று, "ஆச்சி, ஒரு ஆள் வந்தாப் போதும்" என்றார். அவர் சொன்னதை வாயசைவில் படித்தேன். பயிற்சிக்கு நல்ல வாய்.

காது மிஷின் அடுத்த வாரம் வருகிறது. அது வந்தபின் அணில்களை நேரில் விசாரித்துக்கொள்வேன். அதுவரை வனத்துறைக்கு எழுதிய மனுவைத் திரும்பப் பெற்றுக்கொண்டேன், காரணம் குறிப்பிடாமல். மாரிச்செல்வியிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டேன், தாளில் எழுதி. அவள் அதை மடித்துப் பத்திரமாக வைத்திருக்கிறாள். இனி சம்பளம் கூட்டிக் கேட்கும்போதெல்லாம் அது வெளியே வரும் என்று தெரிகிறது.

ஞாயிறன்று உன் இலையை உன் அண்ணன் படத்துக்கு நேரே போட்டிருந்தேன், நீ இரண்டாம் முறை சோறு வாங்கிச் சாப்பிட்டதை அவரும் பார்த்தார். பிப்ரவரித் திதிக் கணக்கு அதோடு தீர்ந்தது.

இன்னொன்று. நீ புறப்படும்போது கிணற்றடியில் எனக்குப் பின்னால் நின்றாய். அழைக்கவில்லை. காலை ஓங்கித் தரையில் இருமுறை மிதித்தாய். நானும் துரையும் ஒரே நேரத்தில் திரும்பினோம், பாண்டிசெல்வியும் நீயும் ஒருவரையொருவர் பிடித்துக்கொண்டு சிரித்தீர்கள். பெரியவர்களை அப்படி அழைப்பது மரியாதை அல்ல. காது மிஷின் வந்தபின்னும் அப்படியே அழை.

மதினி